நிகானோரின் குரலும் காலும்

காட்டுக்குள் கிடக்கும் யாஷ்தூன் என்ற பழைய மாயா நகர இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுவதில் நிகானோர் பூட்டுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். அவருடைய முழங்காலுக்கும் அதே இருபத்திரண்டு வருட அனுபவம் என்பதுதான் சிக்கல். வயாதொலித் நகரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கல்லிலும் மேட்டிலும் நடந்தால் அப்புறம் கம்பு ஊன்றிக்கூட நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நிகானோர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது, "சின்னப் பையன், மெரிதாவில படிச்சவன், அவனுக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்?" என்று மனைவி லாண்டியிடம் கேட்டார்.

லாண்டிக்கும் கல்லைப் பற்றித் தெரியாது. ஆனால் நிகானோரைப் பற்றித் தெரியும். வலைத்தூளியில் அவர் புரண்டு படுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்கும். இந்த மனுஷன் ஒருநாள் காட்டுக்குள்ளேயே விழுந்து கிடப்பார், தூக்கி வர நாலு பேரைத் தேட வேண்டியிருக்கும் என்ற பயம் அவளை விட்டுப் போகவேயில்லை.

அதனால்தான், வழிகாட்டி இல்லாமல் வருகிறவர்கள் தாங்களே நடந்து பார்க்கும்படி ஒரு பாதை போடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோது முதலில் கையைத் தூக்கியவள் அவள். சப்போட்டா மரத்தில் பன்னிரண்டு கம்பங்கள் செதுக்கி, எண் எழுதி நட்டார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பேச்சுப் பதிவு. வருகிறவர்கள் டிக்கெட் வாங்கும்போது அதைப் போனில் ஏற்றிக்கொண்டு, கம்பத்துக்குக் கம்பம் கேட்டுக்கொண்டே நடக்கலாம். யார் பேசுவது என்பதில் விவாதமே இல்லை. நிகானோர் மூன்று நாள் காலையில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கமாக எப்படி நடந்து எப்படிப் பேசுவாரோ அப்படியே தனியாக நடந்து, தனியாகப் பேசி முடித்தார்.

"தனியாப் பேசிக்கிட்டுப் போறதுக்கு ஊரே கூடிச் சம்மதம் குடுத்திருக்கு. குடுத்து வச்சவன் நீ, கிழவா," என்றாள் லாண்டி.

"நீ ஒரு தடவ கேட்டுப் பாரேன்."

"முப்பத்தஞ்சு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். போன்ல வேறயா?"

அவள் கேட்கவில்லை. ஊர்த்தலைவர் காஸ்பர் கேட்டார். மூன்றாவது எண்ணில் தூங்கிப்போய், எழுந்து, பிரமாதம் என்று சொன்னார்.

பாதை திறக்கும் நாள் காலையில், சீலைக்கீரையும் முட்டையும் போட்டுச் சுருட்டிய சோள ரொட்டியைத் தின்றுகொண்டே நிகானோர் பேச்சை எடுத்தார். டாக்டர் சொல்லையும் மனைவி சொல்லையும் ஒரு மாதமாகத் தாங்கிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் நேருக்கு நேர் வந்தார்.

"இன்னைக்கு முதல்ல வர்றவங்க, துணையில்லாம உள்ள போயி, துணையில்லாம வெளிய வந்துட்டா, நான் காட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். வரலேன்னா, நாளையில இருந்து நான் பழையபடி கூட்டிட்டுப் போவேன். நீ என் முழங்காலப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"என்கூட வந்தா ஒன்றரை மணி நேரம். அவங்களுக்கு ரெண்டு மணி நேரம் குடுக்குறேன். தாராளமா."

"எழுதிக் குடுக்கிறியா?"

"என் வாய்தான் போன்லயே இருக்கே."

லாண்டி ஒத்துக்கொண்டாள். பாதை நேர்பாதை, கம்பங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நட்டிருந்தார்கள், கண் இருக்கிற யாரும் வழிதவற முடியாது. ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலைத் திறந்தாள்.

எட்டரை மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். எர்மிலா, ஒஃபேலியா. அக்கா தங்கை. பூவெப்லாவில் பள்ளிக்கூட டீச்சர்களாக இருந்து ஓய்வுபெற்றவர்கள். இருவருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிப் பை, பையில் எண்ணி நான்கு ஆரஞ்சுப் பழம். பாதையைப் பற்றி லாண்டி சொன்னதை மூத்தவள் எர்மிலா ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். இதைவிட நல்ல ஆட்களைத் தேடினாலும் பிடிக்க முடியாது என்று லாண்டிக்குச் சந்தோஷம். நிகானோருக்கு முகம் விழுந்துவிட்டது. கொஞ்சம் கவனமில்லாத இளவட்டங்கள் வந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர்கள் உள்ளே போனார்கள். முதல் கம்பத்திலிருந்து நிகானோரின் குரல் கொஞ்ச தூரம் கேட்டது, அப்புறம் மரங்கள் மூடிக்கொண்டன.

பத்து மணிக்கு அவர்கள் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. நிகானோர் டிக்கெட் ஜன்னல் கூரையின் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காதவர்களுக்கும் மணி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பத்து முப்பத்தி நாலு."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"சும்மா சொன்னேன். தாராளமாத்தான குடுத்தேன், ரெண்டு மணி நேரம்?"

"டீச்சருங்க. நின்னு படிச்சுப் பாத்துட்டு வருவாங்க."

"படிக்க என்ன இருக்கு? எழுதியிருக்கறது ஒரு எண்ணுதான்."

பதினொன்று ஆனபோது லாண்டிக்குப் பந்தயம் மறந்துபோய்விட்டது. வெயில் ஏறிவிட்டது. வயசான இரண்டு பெண்கள், பாம்பும் குளவியும் இருக்கிற காடு. புளித்த சோளமாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நிகானோர் ஏற்கெனவே எழுந்து, தடியை எடுத்துக்கொண்டு நின்றார்.

"நீ உக்காரு. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"வழி காட்டுறவன் நான்."

"ஒரே பாதைதான இருக்கு, வழி காட்டுறதுக்கு என்ன இருக்கு?"

அவர் முன்னால் நடந்தார். நாலாவது கம்பம் வரைக்கும் இளைஞன் மாதிரி நடந்தார். ஐந்தாவதில் ஓர் உடும்பைப் பார்ப்பதற்காக நின்றார். ஆறாவதில் உடும்பு இல்லை, இருந்தாலும் நின்றார். லாண்டி பின்னால் வந்துகொண்டே அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது கம்பத்துக்குப் பக்கத்தில், பெரிய முற்றத்துக்குப் போகும் வழியில், ஒரு நீளக் கல் கிடக்கிறது. அந்தக் கல்லில் அக்காவும் தங்கையும் முதுகு நிமிர்த்தி, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு காகிதத்தில் ஆரஞ்சுத் தோல் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நிகானோரைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"வந்துட்டீங்களா, நிகானோர் ஐயா?" என்றாள் எர்மிலா. "நாங்க நகரவேயில்லை."

"ஏன் டீச்சர் இங்கயே உக்காந்துட்டீங்க? உடம்புக்கு ஏதாவது…"

"நீங்கதான உக்காரச் சொன்னீங்க."

"நானா?"

ஒஃபேலியா போனை நீட்டி ஏழாம் எண்ணை அழுத்தினாள். நிகானோரின் குரல் வந்தது, சிடுசிடுப்பாகவும் அன்பாகவும்: "இங்க உக்காருங்க. இது மத்தவங்க வீட்டு வாசல், சும்மா நுழையக் கூடாது. நான் முன்னால போயி, வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்." அத்தோடு பதிவு முடிந்தது.

"ரெண்டு மணி நேரம் ஆச்சு," என்றாள் ஒஃபேலியா. "எட்டாம் எண்ணைத் தட்டிப் பாக்கலாம்னு சொன்னேன். அக்கா விடல."

"அவர் வர்றதுக்கு முன்னாடி எப்படித் தட்டுறது?" என்றாள் எர்மிலா.

இருபத்திரண்டு வருடமாக இந்த இடத்தில் நிகானோர் செய்வது இதுதான். கூட்டி வந்தவர்களை இந்தக் கல்லில் உட்கார வைப்பார். சுரைக்குடுக்கையில் சோளக்கஞ்சி எடுத்துக்கொண்டு தனியாக முன்னால் போவார். முற்றத்தின் விளிம்பில் குனிந்து கஞ்சியை வைத்து, காட்டுக்குச் சொந்தக்காரர்களான, கண்ணுக்குத் தெரியாத பெரியவர்களிடம் இன்னார் வந்திருக்கிறார்கள், உள்ளே விடுங்கள் என்று கேட்பார். அப்புறம் திரும்பி வந்து கூட்டிப் போவார். பதிவு செய்த அன்றைக்கும் அப்படியே செய்தார். அனுமதி கேட்பதை எல்லாம் போன் கேட்கக் கூடாது என்று அதை அணைத்துவிட்டுப் போனார். கேட்டு முடித்து, முற்றத்துக்குள் போய் எட்டாம் எண்ணைப் பேச ஆரம்பித்தார். பதிவைக் கேட்கிறவர்கள் இன்னும் ஏழாம் எண்ணிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், காஸ்பர் தூங்காமல் முழுவதும் கேட்டிருந்தாலும் இதில் ஒரு பிழையும் கண்டிருக்க மாட்டார். அனுமதி கேட்காமல் யார் உள்ளே போவார்கள்?

லாண்டி அவரை ஓரமாக இழுத்தாள். "வேணும்னே பண்ணினியா?"

"என்னது?"

"பந்தயத்துக்காக."

நிகானோர் அவளைப் பார்த்தார். பொய் சொல்லும்போது அவர் மூக்கைத் தடவுவார். இப்போது தடவவில்லை. "ரெண்டு மணி நேரம், லாண்டி. நான் சொன்னேன்னு உக்காந்திருக்காங்க," என்றார். அப்புறம், அடக்க முடியாமல், முகமெல்லாம் சிரிப்பு வந்தது. "நான் இல்லாம நடக்காது, பாத்தியா?"

நாளை காலையில் இந்த மனுஷன் தடியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். லாண்டி வாயைத் திறக்க முடியாது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"இருங்க டீச்சர், ஒரு நிமிஷத்துல வந்துடுறேன்," என்று சொல்லி, நிகானோர் அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு முற்றத்தை நோக்கிப் போனார். நிமிர்ந்துதான் போனார். விளிம்பில் இறங்குவதற்கு ஆடும் கற்கள் மூன்று இருக்கின்றன. முதல் கல்லில் காலை வைத்தார். இரண்டாவதில் வைக்கவில்லை. பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு, மரத்தைப் பார்க்கிற மாதிரி நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

சகோதரிகள் அவருடைய முதுகைத்தான் பார்த்தார்கள், பிரார்த்தனை என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். லாண்டி அவரிடம் போனாள். அவர் நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"மடங்க மாட்டேங்குது," என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் பாட்டிலை வாங்கினாள்.

"பொம்பளைங்க கேக்குறது வழக்கமில்ல, கிழவி."

"யாரு சொன்னா?"

"எங்கப்பா."

"நான் சமைக்கிறதுல உப்பு இல்லைன்னும்தான் உங்கப்பா சொன்னாரு. நீ திங்காமலா இருந்த? போ, போய் உக்காரு."

அவர் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு திரும்பினார். லாண்டி மூன்று கல்லையும் இறங்கி, விளிம்பில் குந்தினாள். சுரைக்குடுக்கை இல்லை. பாட்டிலின் மூடியில் கஞ்சியை ஊற்றி ஒரு கல்லின் மேல் வைத்தாள். முறையான வார்த்தைகள் அவளுக்குத் தெரியாது. வீட்டில் பேசுகிற மாயா மொழியில், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலவே பேசினாள்.

"ஐயாமாரே, நான் நிகானோர் சம்சாரம். வழக்கமா வர்றவரு கால் முடியாம அங்க நிக்கிறாரு. ரெண்டு டீச்சருங்க வந்திருக்காங்க. சொன்ன பேச்சு கேக்குறவங்க, உங்க கல்லை எல்லாம் தொட மாட்டாங்க. உள்ள விடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அவரு இத்தனை வருஷமா உங்ககிட்ட வந்தவங்களுக்காகத்தான் கேட்டிருப்பாரு. தனக்குன்னு ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாரு, அந்த ஆளுக்குக் கேக்கத் தெரியாது. அதனால நான் கேக்குறேன். போதும். அவரை வீட்டுக்கு விட்டுடுங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானை இல்லாத சட்டை, கையால்தான் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முகம் சரியாகும்வரை அங்கேயே குந்தியிருந்துவிட்டு எழுந்தாள்.

திரும்பி வந்தபோது நிகானோர் அந்த நீளக் கல்லில், இரண்டு டீச்சர்களுக்கும் நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, கையில் ஓர் ஆரஞ்சுச் சுளையை வைத்திருந்தார். அதைத் தின்னாமல் அவள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று எர்மிலா கேட்டாள்.

"வரச் சொன்னாங்க. எட்டாம் எண்ணைத் தட்டிக்கிட்டே போங்க, டீச்சர்."

சகோதரிகள் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு, மூன்று கல்லையும் கை கோத்து இறங்கி, முற்றத்துக்குள் போனார்கள். மரங்களுக்கு நடுவே நிகானோரின் குரல், ராஜாவின் மாமியாருக்காகத்தான் இவ்வளவு தூரத்தில் தனி வீடு கட்டினார்கள் என்று சொல்வது கேட்டது. அவர்கள் சிரிப்பதும் கேட்டது. குரல் ஒன்பதாம் கம்பத்துப் பக்கமாகத் தள்ளிப் போயிற்று.

நிகானோர் கல்லில் உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பேசுறான் அந்த ஆளு," என்றார்.

"கொஞ்சம் நீளமாப் பேசுறான்."

"நடையும் வேகமா இருக்கு."

லாண்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஆரஞ்சுச் சுளையைப் பாதியாகப் பிய்த்து அவளிடம் கொடுத்தார்.

"நீ கேக்கப் போயி எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? இங்க உக்காந்தா நேரமே போக மாட்டேங்குது. நான் போனாலும் இவ்வளவு நேரமா ஆகும்?"

"என்னைக் கேளு. நீ காட்டுக்குள்ள போனதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் இருபத்திரண்டு வருஷமா அந்த ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தவ நான்."

நிகானோர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே குரல் போன திசையைப் பார்த்தார். அங்கே இப்போது பறவைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

"தினமும் காலையில வாசல் திறக்குறதுக்கு முன்னாடியே நீ போயி, அன்னைக்கு வர்றவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரேயடியாக் கேட்டுடு. வீட்டுக்காரங்க ஒத்துக்குவாங்க," என்றார் கடைசியில். "ஏழாம் எண்ணை மாத்திப் பேசிடுறேன், டிக்கெட்டையும் நான் பாத்துக்குறேன். கேட்டதும் நேரா வந்துடு, லாண்டி. வழியில உடும்பு கிடும்பு பாத்துக்கிட்டு நிக்காத."