வான்ஸ் ஹாட்ச்கிஸ்ஸின் பின்னால் நடந்த குண்டு

வான்ஸ் ஹாட்ச்கிஸ் சுட்ட குண்டு மூன்றாம் நாள் காலை திரும்பி வந்து, நெஞ்சு உயரத்தில், ஆள் நடக்கும் வேகத்தில், ஆறு ஆண்டுகள் அவனைப் பின்தொடர்ந்தது. மொன்டானாவின் பிளம் கிரீக் பள்ளத்தாக்கில் அந்த ஆண்டு வைக்கோல் குறைவு.

குண்டைச் செய்து கொடுத்தவள் ஆர்டித் ஸ்கார். பல ஆண்டுகளுக்கு முன், எல்க் மான் வேட்டைப் பருவத்தில், அவள் கணவன் மெர்ல் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது யாரோ மானென்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். சுட்டவன் அருகில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்; பனியில் தடம் இருந்தது. அதன்பிறகும் மெர்லுக்கு ஒரு மணி நேரம் உயிர் இருந்ததாக மருத்துவர் சொன்னார். மேட்டில் கிடைத்தது ஒரு பித்தளைத் தோட்டாக் கூடு மட்டும். ஆள் அகப்படாமல் வழக்கை மூடிய ஷெரிப், கூட்டை அவளிடமே கொடுத்துவிட்டார்.

வெடித்த கூடு தன்னைச் சுட்ட துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்கு ஏற்ப விரிந்து அப்படியே நின்றுவிடும். கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பிப் பழகிய ஆர்டித்துக்கு இது தெரியும். கூட்டின் அடியிலிருந்து, கழுத்தை நோக்கி அது குறுகும் தோள்வரை அளந்தாள். இருக்கவேண்டியதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு நீளம். அவ்வளவு தளர்ந்த அறை அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு துப்பாக்கிக்கு இருக்காது. அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் தோட்டா நிரப்பிக் கொடுத்தாள். ஏழு ஆண்டுகள் ஊராரின் கூடுகளை ஒவ்வொன்றாக அளந்தாள். எட்டாம் ஆண்டு கடைகளில் தோட்டா தீர்ந்துபோனதால், பக்கத்துப் பண்ணை வான்ஸ் முதல்முறையாக ஒரு காப்பி டின் நிறையக் கூடுகள் கொண்டுவந்தான். மெர்லின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன் அவன்.

மூன்று முறை அளந்தாள். ஒன்பது.

"உன் துப்பாக்கி லூசா இருக்கு, வான்ஸ்."

"எனக்கே எல்லாம் லூசாயிடுச்சு. அது மட்டும் என்ன பண்ணும், பாவம்."

"இருக்கட்டும். அதோட அளவுக்கே செஞ்சு தரேன்."

கூட்டின் தோளை அதிகமாக உள்ளே அழுத்திவிட்டால் கூடு பிளந்து அவன் முகத்திலேயே வெடிக்கும். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது ஒரு நொடியில் முடிந்துவிடும். மெர்லுக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எனவே ஒவ்வொன்றையும் பிசகில்லாமல் செய்தாள். கடைசிக் கூட்டின் வாயில் மட்டும் கணவன் பெயரைச் சொல்லிவிட்டுக் குண்டைப் பொருத்தினாள்.

அந்தக் கடைசித் தோட்டாவைச் சுட்ட மூன்றாம் நாள் குண்டு திரும்பி வந்ததும், வான்ஸ் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்கு ஓடினான். சில நாளில் குண்டும் வந்து சேர்ந்தது. கதவை மூடினால் துளைத்துக்கொண்டு வந்தது. நான்கு மணி நேரம் தூங்க அவன் பதினைந்து மைல் முந்திப் போயிருக்க வேண்டும். மளிகைக் கடையில் ஆட்கள் குண்டுக்கு வழிவிட்டு நின்றார்கள். குண்டு எந்த வேகத்தில் போகவேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்றார் ஷெரிப்.

ஆறாம் ஆண்டு எலும்பும் தோலுமாக ஆர்டித்தின் மாட்டுப்பட்டிக்கு வந்தான்.

"நான்தான்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். 'வான்ஸ், கையயாவது புடிச்சுக்கோடா'ன்னான். பயந்து ஓடிட்டேன்."

இது அவளுக்குத் தெரியாது. வைக்கோலைக் கீழே வைத்தாள்.

"இத நிறுத்திடு, ஆர்டித்."

"மாட்டேன். போய் ஷெரிப்கிட்ட சொல்லு. இதே வார்த்தையில சொல்லு."

சொன்னான். சிறைக்குப் போன நான்காம் நாள் குண்டு சுவரைத் துளைத்து வந்து, அவன் நெஞ்சுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. இன்றும் நிற்கிறது. மாதம் ஒருமுறை ஆர்டித் போய் எதிரே உட்கார்ந்து, மெர்ல் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறாள். அவன் சொல்கிறான். காவலர்கள் சாப்பாட்டுத் தட்டைப் பக்கவாட்டில் நீட்டுகிறார்கள். சிறை நாவிதர் குண்டைச் சுற்றி வந்து சவரம் செய்கிறார்.