நாற்பது நிமிஷ போன்

உடம்பை அசைக்க ஊக்கம் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்திலிருந்து வாரம் ஒரு மின்னஞ்சல் வரும். மலை உச்சியில் ஒருத்தி இரண்டு கையையும் விரித்து நிற்கும் படம் போட்டிருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே அதைப் படித்து, உட்கார்ந்தே அழித்துவிடுவேன்.

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாருக்கோ வந்த நோய்க்குப் போத்தனூரில் உட்கார்ந்து எண் போடுவது. உடற்பயிற்சி இல்லாமல் இருப்பதற்குக்கூட ஓர் எண் உண்டு. நானே பலருக்குப் போட்டிருக்கிறேன். சரவணம்பட்டி அலுவலகத்துக்குப் போய்வந்த காலத்தில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன், மாடிப்படி ஏறினேன், கேன்டீனுக்கு இறங்கினேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபின் கட்டிலுக்கும் மேஜைக்கும் பதினோரு எட்டு. அதிலேயே ஐந்து வருஷம் கழிந்தது.

நாற்பத்து மூன்று வயதில் சர்க்கரை வந்தது. மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நான்கு. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "தினமும் நாப்பது நிமிஷம் நிக்காம நடங்க. மூணு மாசத்துல ஏழுக்குக் கீழ வரலீன்னா ஊசிதானுங்க" என்றார். ஊசிக்கு நான் பயப்படவில்லை. என் அப்பா அரங்கசாமிக்கும் ஒன்பதில்தான் ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள். இல்லாத பாதம் அரிக்கிறது என்று அவர் சொறியக் கையை நீட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எனக்கு வேறு ஊக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கே கிளம்பினேன். தெருமுனையைத் தாண்டி ரயில்வே லைன் வரை போய்த் திரும்பினால் பத்து நிமிஷம். அப்படி நான்கு சுற்று. கணக்கு சரிதான். தெருவைத்தான் அதில் சேர்க்க மறந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வாசலில் நிற்கிறவரைப் பார்த்தும் பார்க்காதது போல் போக முடியாது. அவர்களும் விடமாட்டார்கள். "ஏனுங்க அம்மணி, காலங்காத்தால எங்கீங்க கெளம்பீட்டீங்க?" என்று ஒரு வீடு கேட்கும். நடக்கப் போகிறேன் என்றால், "ரோடு எங்கீங்க போயிரப் போகுது, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்று அடுத்த வீடு. வேண்டாம் என்று வாசலோடு போனால் அதைப் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருப்பார்கள். சர்க்கரை இருக்கிறது என்றாலோ, "அதுக்குத்தானுங்க கருப்பட்டி போட்டிருக்குது" என்று பதில் வரும்.

கடைசி வீடு வள்ளியாத்தாள் அக்காவுடையது. அவர் கணவர் மருதாசலம் அண்ணன் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நாற்காலி போட்டு, பக்கத்து ஸ்டூலில் ரேடியோவை வைத்துப் பழைய பாட்டு கேட்பார். நான் பார்ப்பது ஆஸ்பத்திரி வேலை என்பது அக்காவின் எண்ணம். மாத்திரை அட்டையை நீட்டி, இது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார். நானும் படித்துப் பார்த்துச் சொல்வேன். பதிலுக்கு, இடியாப்பம் போல் பிழிந்த சந்தவையும் தேங்காய்ப்பாலும் தராமல் விட்டதில்லை.

ஒரு மாதம் இப்படி நடந்தேன். "நீ நடக்கப் போறியா, பந்திக்குப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் சசிதர் கேட்டார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முன்பைவிட முப்பது கூடியிருந்தது. நடந்து இளைத்தவர்கள் உலகத்தில் உண்டு. நடந்து பெருத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் நடக்கும்போது உண்மையிலேயே டீம் லீடரிடமிருந்து போன் வந்தது. அதைக் காதில் வைத்தபடி கடைசி வீட்டைத் தாண்டினேன். அக்கா கூப்பிடத் திறந்த வாயை மூடிக்கொண்டார். "அம்மணி ஆபீசு பேசுது, கூப்புடாதீங்க" என்று அண்ணனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாளிலிருந்து கிளம்பும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டேன். எதிர்முனையில் யாரும் இல்லை. ஆறரை மணிக்கு என்ன ஆபீசு என்று ஒருவரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் இப்போது சாயங்காலம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நடுநடுவே "ஓகே, ஷ்யூர்" என்பேன். ஒன்றும் தோன்றாவிட்டால் மனப்பாடமாக இருக்கும் நோய்ப் பெயர்களை வரிசையாக முணுமுணுப்பேன். தெரு எனக்கு வழிவிட்டது. குரைக்கிற நாயை அதட்டி அடக்கினார்கள். மருதாசலம் அண்ணன் நான் வருவதைப் பார்த்ததும் ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்து, நான் தாண்டியபின் கூட்டுவார். எனக்கு வெட்கமாக இல்லை, சிரிப்பாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைந்தேன்.

ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம். அந்த வியாழக்கிழமை கடைசி வீட்டு நாற்காலி காலியாக இருந்தது. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கேட்டருகே நின்ற அக்கா என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். காப்பிக்குத்தான் என்று நினைத்து, போனைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டிவிட்டுப் போனேன். இரண்டாவது சுற்றிலும் நின்றார், கையைத் தூக்கவில்லை. மூன்றாவது சுற்றில் படியில் உட்கார்ந்திருந்தார். நான் வரும்போது எழுந்து, நான் தாண்டியதும் மறுபடி உட்கார்ந்தார். நான்காவது சுற்றில் அவரைக் காணோம். வீட்டுக்கு வந்து குளித்தேன், ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்ததாம். அதுகூட எனக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவைப் பார்த்தேன்.

"ஆறு மணிக்குக் காப்பி டம்ளரக் கீழ உட்டுப்போட்டாருங்க. வலது கை மரத்தாப்பல இருக்குதுன்னாரு. பேச்சும் கொஞ்சம் கொழறுச்சு. அம்மணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடலாமின்னு வாசல்ல நின்னனுங்க. நீங்க ஆபீசு பேசீட்டு இருந்தீங்க, எடைஞ்சல் பண்ணக் கூடாதுங்களே. உள்ள போயிப் பாத்தா தூங்கீட்டாரு. செரி, தூங்கி எந்திரிச்சாச் செரியாப் போயிருமின்னு உட்டுட்டனுங்க."

கை மரத்து, பேச்சுக் குழறினால் அது என்னவென்று எனக்குத் தெரியும். அதன் எண்ணும் தெரியும். முதல் நாலரை மணி நேரம்தான் உயிர்நேரம் என்பதும், அதற்குள் மருந்து ஏறினால் எத்தனையோ பேர் நடந்தே வீடு திரும்புகிறார்கள் என்பதும் தெரியும். படித்துப் படித்து எண் போட்ட விஷயம். அன்று நின்றிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். அக்கா என்மேல் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் என் முடிவு வந்தது. ஆறு புள்ளி எட்டு. டாக்டர் முதல்முறையாகக் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பி, "எப்படீங்க இப்படி விடாம நடந்தீங்க?" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மருதாசலம் அண்ணனைப் பதினெட்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. அவரைப் பார்க்க நான் கிளம்பியபோது, "அந்தப் போன் விசயத்த இப்பப் போயிச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார் சசிதர். அவர் சொன்னது நியாயம்தான். கையில் போன் இல்லாமல் போனேன்.

"இன்னிக்கு ஆபீசு இல்லீங்களா அம்மணி? உள்ள வாங்க, காப்பி வெக்கறேன்" என்றார் அக்கா.

நான் கேட்டருகிலேயே நின்றுகொண்டேன். "அன்னிக்கும் ஆபீசு இல்லீங்க அக்கா. போன்ல யாருமே இல்லீங்க. நடக்கறப்ப யாரும் நிறுத்தக் கூடாதுன்னு சும்மா காதுல வெச்சிருந்தனுங்க."

அக்கா என் வெறுங்கையைப் பார்த்தார்.

"எத்தன நாளாங்க?"

"ரெண்டு மாசமாங்க."

"செரிங்க" என்றார். சத்தம் வராமல் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது தெருவில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. வாசலில் நிற்கிறவர்கள் நான் வருவது தெரிந்ததும், உள்ளே ஏதோ வேலை இருப்பது போல் போய்விடுகிறார்கள். போன் தேவையே இல்லை. நாற்பது நிமிஷமும் நிற்காமல் நடக்கிறேன், கால் வேண்டுமே.

மருதாசலம் அண்ணனிடம் மட்டும் அக்கா சொல்லவில்லை போலிருக்கிறது. காலையில் அவரை அதே நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். ரேடியோ வழக்கம்போல் அவருக்கு வலப்பக்கத்து ஸ்டூலில் இருக்கும். தூரத்தில் என்னைப் பார்த்ததும், இடது கையை மடியின் மேலாக மெல்ல நகர்த்தி, குமிழைத் தேடிப் பிடித்துச் சத்தத்தைக் குறைக்கிறார். நான் தாண்டிப் போகும்வரை அந்தக் கையை எடுப்பதில்லை.