ஐரோப்பிய அரிப்பு

பாளையங்கோட்டை நடைப்பயிற்சிச் சங்கத் தலைவரும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளருமான மகாராஜன் சோற்றைத் துறந்து மூன்று வேளையும் சப்பாத்திக்கு மாறியிருந்தார். தாமிரபரணித் தண்ணீரில் விளையும் நெல் அத்தனையும் விஷம் என்று தினமும் மைதானத்தில் இலவசமாக அறிவித்தும் வந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும், சபையில் சொல்ல முடியாத இடத்திலும் கொப்புளம் கிளம்பி அரிப்பு பிடுங்கியது. தெருமுனை டாக்டர் நாற்காலியைவிட்டு எழாமலே, "சிரங்கு. யார்ட்டயோ ஒட்டியிருக்கு" என்றார்.

யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்க மகாராஜனுக்குச் சோதனைக்கூடம் தேவைப்படவில்லை. சமையல்காரி முப்பிடாதியை அன்றே நிறுத்தினார். பொதுநலம் கருதித் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தார். அவள் வேலை பார்த்த மற்ற இரண்டு வீடுகளும் கதவைச் சாத்தின.

கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூசினார். அரிப்பு கூடியதுதான் மிச்சம். மைதானத்தில் கூட நடக்கும் கருத்தையா தள்ளி நின்று, "கை வேண்டாம்வே தலைவரே, கும்பிட்டாப் போதும்" என்றார்.

அதற்குமேல் தாங்காமல் தோல் டாக்டர் ஜாய்சியிடம் போனார். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பில்லை என்றதும் அவர் யோசித்து, தோலில் கடுகளவு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"சிரங்கு மாதிரிதான் இருக்கும் சார், ஆனா இல்ல. கோதுமை சேராம உங்க உடம்பே உங்க தோலைத் தாக்குது. மாத்திரை தாரேன். ஆனா சப்பாத்தி, ரவை, அல்வா எதையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது."

"யார்ட்டருந்து ஒட்டுச்சு?"

"இது ஒட்டவே ஒட்டாது. இங்கன ரொம்ப அபூர்வம். ஐரோப்பாக்காரங்களுக்குத்தான் அதிகம் வரும்."

மகாராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இனி சோறு வடிக்க ஆள் வேண்டுமே. முப்பிடாதி வீட்டுக்கு அவரே போனார். "தெரு முழுக்கச் சொன்னீங்கல்லா? அதே தெருவுல இல்லன்னு சொல்லுங்க. பெறகு வேலையப் பத்திப் பேசுவோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களைக் கூட்டினார். "லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஐரோப்பிய நோய் நம் தெருவுக்கு வந்திருக்கிறது..." என்று தொண்டையைச் செருமி ஆரம்பித்தார். கருத்தையா கைதட்டினார்.

"ஐரோப்பா கெடக்கட்டும் சார்," என்றாள் முப்பிடாதி. "எனக்குச் சிரங்கு இல்லன்னு சொல்லுங்க."

"மருத்துவரீதியாகப் பார்த்தால்..."

"எம்பேரச் சொல்லிச் சொல்லுங்க."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "முப்பிடாதிக்கு ஒண்ணும் இல்ல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கூட்டத்திலிருந்து பழைய இரண்டு வீட்டுக்காரிகளும் நாளைக்கே வரச் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள்.

"அப்ப நம்ம வீட்டுக்கு?" என்றார் மகாராஜன்.

"மொதல்ல அவங்க ரெண்டு வீட்டயும் பாக்கணும் சார். உங்க வீட்டுக்கு வர எனக்கு நேரம் ஒழியுதான்னு பைய சொல்லுதேன்."