ராஜகுமார் எடுத்த வீடியோ

இந்தியக் கூடைப்பந்து அணி லீக் சுற்றோடு வெளியேறிய மறுநாள், காலை பத்து மணிக்குள் ரேஷ்மியின் கைபேசிக்கு அந்த வீடியோ பதினொரு பேரிடமிருந்து வந்துவிட்டது. எடுத்து இணையத்தில் போட்டது அவள் கணவன் ராஜகுமார்.

ராஜகுமாருக்கு வளைகுடாவில் ஏசி மெக்கானிக் வேலை. போட்டி அங்கேயே ஒரு நகரத்தில் நடந்தது. தன் ஊரான தேங்காய்ப்பட்டணத்துப் பையன் சிஜின் ஆடுகிறான் என்பதற்காக லீவு போட்டு, நானூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போயிருந்தான். சிஜின் அவர்களுக்கு மூன்றாவது வீடு. அவன் அம்மா ரீத்தா துறைமுகத்தில் மீன் எடுத்து, வீடு வீடாக விற்று அவனை வளர்த்தவள்.

கடைசி ஆட்டம். இந்தியா ஒரு புள்ளி பின்னால். ஆறு வினாடி மிச்சமிருக்கையில் சிஜினுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்க மாட்டார்கள், நின்று நிதானமாக எறியலாம். இரண்டும் உள்ளே விழவில்லை.

வீரர்கள் பஸ் ஏறும் இடத்தில் வீடியோ ஆரம்பிக்கிறது. இந்திய ஜெர்சி போட்ட கூட்டம் ஊளையிடுகிறது. யாரோ தண்ணீர் பாட்டிலை வீசுகிறார்கள். அதற்கு மேலே ராஜகுமாரின் குரல்.

“லே சிஜினே! ஆறரை அடி வளந்து என்ன பிரயோஜனம்லே? நாட்டுக்க மானத்த வித்துட்டியே! ஒனக்க அம்மைக்க கூட போயி மீன் வில்லு, போ!”

சிஜின் பஸ் படியில் கால் வைத்தவன் திரும்பிப் பார்த்தான். குரல் வந்த முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தான்.

“ராஜண்ணனா?” என்றான்.

அத்தோடு வீடியோ முடிந்தது.

ரேஷ்மி இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்க முடியவில்லை. உடனே கணவனைக் கூப்பிட்டாள்.

“அந்த வீடியோவ அழிச்சுப் போடுங்கோ.”

“எதுக்குட்டி? நாலு லட்சம் பேரு பாத்தாச்சு. நான் இல்லாததயா சொன்னேன்?”

“ரீத்தாக்காவ எதுக்கு இழுத்திய?”

“மீன் விக்கவள மீன் விக்கவள்னு சொன்னா தப்பா? நீ ஒனக்க சோலியப் பாரு. இங்க எல்லாரும் கொதிச்சுப் போயிருக்கானுவ.”

எல்லோரும் கொதித்துத்தான் போயிருந்தார்கள். வீடியோவுக்குக் கீழே கமெண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தன. சிஜின் காசு வாங்கிவிட்டான் என்று ஒருவன். கடலில் தள்ளுங்கள் என்று ஒருவன். போன வருடம் சிஜினுக்குப் பூமாலை போட்டுக் கூட்டி வந்த ஜெயசிங்கும் அதில் இருந்தான். ஜங்ஷனில் சிஜினுக்கு வைத்திருந்த பிளக்ஸை அவன்தான் கிழித்தான், அதையும் போட்டோ எடுத்துப் போட்டிருந்தான்.

பதினொன்றரைக்கு ரீத்தா தெருவில் வந்தாள். தினமும் ரேஷ்மி வீட்டு வாசலில் கூடையை இறக்குகிறவள், அன்று தலையைத் திருப்பாமல் நடந்தாள். ரேஷ்மி ஓடிப்போய், “ரீத்தாக்கா, நில்லுங்கோ” என்றாள்.

“இண்ணைக்கு மீன் இல்ல.”

கூடை நிறையச் சாளை மீன் இருந்தது.

எதிர்வீட்டு பிந்து மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ரேஷ்மி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அடுப்பில் வைத்திருந்த கஞ்சி அடிப்பிடித்தது. அணைத்துவிட்டு, கைபேசியை எடுத்துத் தன் சொந்தப் பெயரிலேயே எழுதினாள்.

‘இந்த வீடியோ எடுத்தது என் கணவர். அதே ஆட்டத்தில் இருபத்திரண்டு புள்ளி எடுத்ததும் சிஜின்தான். போன வருடம் அவன் ஜெயித்தபோது எங்க வீட்டுப் பையன் என்று போட்டோ போட்டதும் இவர்தான். ஒரு அம்மாவின் தொழிலை இழுத்துக் கேவலப்படுத்தியதற்காக நான் வெட்கப்படுகிறேன்.’

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்றார்கள். அவளுடைய கல்யாணப் போட்டோவை எடுத்துப் போட்டார்கள். அந்தப் பையனுக்கும் இவளுக்கும் என்ன உறவு என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு ஆயிரம் பேர் சிரிப்புப் பொம்மை வைத்தார்கள்.

சாயங்காலம் ராஜகுமார் கூப்பிட்டான்.

“என்ன எழுதி வச்சிருக்கட்டி? நாங்க தங்குக கேம்புல ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா கேக்கான், ஒனக்க பொண்டாட்டி ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குகான்னு. நான் எங்க போயி சாவ?”

“இப்பம் எரியுதா?”

“என்னட்டி?”

“ஒங்களச் சொன்னா எரியுதான்னு கேக்கேன்.”

அவன் போனை வைத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் வீடியோவை அழித்தும் விட்டான். அதற்குள் நூறு இடங்களில் அது பிரதியாகியிருந்தது.

மறுநாள் காலையில் ரேஷ்மி ரீத்தாவின் வீட்டுக்குப் போனாள். ரீத்தா வாசலில் நின்று கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“அவரு வீடியோவ அழிச்சுட்டாரு, அக்கா.”

“நான் கேட்டேனா?”

“இல்ல, ஆனா…”

“ஒனக்க மாப்பிளக்க வாய அடைக்க ஒனக்கு முடியல்ல. இப்பம் எனக்க பிள்ளைய ஒனக்க கூடச் சேத்து வச்சு ஊரு பேசுது. ரெண்டு பேருஞ் சேந்து நல்லாச் செய்துட்டிய.” கூடை கழுவிய தண்ணீரை வீசி ஊற்றினாள். ரேஷ்மியின் கால் நனைந்தது. “இனி இந்தப் படி ஏறாத.”

ரேஷ்மி வீட்டுக்குத் திரும்பினாள். அழவில்லை. தான் எழுதியதை அழிக்கவுமில்லை. அன்றிலிருந்து மீன் வாங்க அவளே துறைமுகத்துக்கு நடந்தாள்.

சிஜின் ஊருக்கு வராமல் நேராகச் சென்னைக்குப் போனான். கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தான். அதே வாரம் ராஜகுமாரும் லீவில் வந்திருந்தான். வந்ததிலிருந்து வேண்டியதற்கு மட்டும் மனைவியிடம் பேசினான்.

நாகர்கோவில் போவதற்காக இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எதிரே சிஜின் வந்தான். ராஜகுமார் சிரித்துக்கொண்டு கையை நீட்டினான்.

“மக்கா, எப்ப வந்த? அண்ணைக்கு ஒரு ஆவேசத்துல…”

சிஜின் அந்தக் கையைப் பார்த்தான். தொடவில்லை. ரேஷ்மியிடம் திரும்பி, “சுகந்தானா மைனி?” என்றான். அண்ணன் மனைவியை அழைப்பதுபோல் சின்ன வயதிலிருந்தே அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

“சுகந்தான் மக்கா.”

அவன் தலையாட்டிவிட்டு நடந்தான்.

“திமிரப் பாத்தியா?” ராஜகுமார் பல்லைக் கடித்தான். “தோத்துட்டு வந்தவனுக்கு இவ்வளவு திமிரா?”

பஸ் வந்தது. ரேஷ்மி முன்பக்கம் ஏறி, ஒரு கிழவியின் பக்கத்தில் காலியாயிருந்த ஒற்றை இடத்தில் உட்கார்ந்தாள். பின்னால் இரண்டு பேர் உட்காரும் சீட்டைப் பிடித்துவிட்டு ராஜகுமார் அவளை இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை.