ஜெயமலர் காரவனுக்குள் என்ன செய்தார்

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை வெட்கப்படுத்துவதைவிட அது மேல். பாதி அழைப்பை முழு அழைப்பாக எடுத்துக்கொண்டு ஒரு இடத்துக்குப் போனேன். அங்கிருந்து மரியாதையாக வெளியேற்றப்பட்டேன். திரும்பி வரும்போது காருக்குள் கிடைத்தது. (இதில் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். நான்காம் பகுதிவரை பொறுங்கள்.)

முதல் வசனத்தை மூன்று தரம் எழுதினேன்.

"நீல ஏரியின்மீது இளங்கோடைச் சூரியன் தன் பொற்கரங்களை" — சூரியனுக்குக் கை முளைத்ததும் நிறுத்திவிட்டேன்.

"வெளிநாட்டு விடுமுறை ஒன்றின்போது ஜெயமலர்" — முப்பது வருடமாக வெளிநாட்டிலேயே இருக்கிற மனுசிக்கு வெளிநாட்டு விடுமுறை எது ஐயா? சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் வருகிற முர்த்தன் ஏரியா? ஒருவகையில் சரிதான், அங்கே பாதிப்பேர் பிரெஞ்சு கதைக்கிறார்கள். ஆனாலும் அடித்துவிட்டேன்.

"தேத்தண்ணி ஊத்தமாட்டன் என்றார் ஜெயமலர்." இது நன்றாயிருக்கிறது. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

2.

"ஏழு நாள். ஒருத்தருக்கும் நான் தேத்தண்ணி ஊத்தமாட்டன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். ஓம் எண்டால் வாறன், இல்லையெண்டால் நீங்கள் தனியப் போங்கோ."

புருசன் ஸ்ரீஸ்கந்தராஜா உடனே "ஓம்" என்றார். வேலையிடத்துச் சுவிஸ்காரர் ஒருவர் தன் காரவனை, அதுதான் சில்லு வைத்த சின்ன வீட்டை, ஒரு கிழமைக்குக் கொடுத்திருந்தார். அதைக் காரில் கொழுவி இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் விடவேண்டும் என்ற ஆசையில் அவர் எதற்கும் ஓம் சொல்லியிருப்பார்.

ஜெயமலர் கேட்டது சின்ன விஷயமில்லை. இருபத்து மூன்று வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் நாற்பது பேருக்குக் கோப்பி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள். அவர்களுடைய வீடு ஷ்லீரன் ஸ்டேஷனுக்குக் கிட்ட. ரயிலைத் தவறவிட்ட தமிழர் எல்லாரும் அந்த வீட்டுப் படிதான் ஏறுவார்கள்.* கடைசியாகத் தான் எப்போது சும்மா இருந்தேன் என்று அவருக்கே ஞாபகமில்லை. இந்த ஏழு நாளும் கிடைக்காவிட்டால் இனி எந்த விடுமுறைக்கும் வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான்.

(* நானும் இரண்டு தரம் ரயிலைத் தவறவிட்டிருக்கிறேன். ஒரு தரம் வேண்டுமென்றே.)

புதன்கிழமை ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் மடிப்புக் கதிரையில் இருந்தார். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. காரவனின் யன்னலைத் துடைத்தார். வியாழன் துடைக்கவில்லை. பக்கத்துச் சுவிஸ் சோடி தங்கள் கூடாரத்தைச் சுற்றியிருந்த புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டுவதை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளி முழுக்க ஏரிக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா தனக்குத் தானே தேத்தண்ணி போட்டார். தார்போல இருந்த அதை முகத்தைச் சுழிக்காமல் குடித்தார். பின்னேரம் ஜெயமலர் தன்பாட்டில் சிரித்தார்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. நல்லாயிருக்கு."

(இங்கே அவருடைய மன அமைதி பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். ஏரி, வானம், ஆன்மா எல்லாம் வந்தன. கிழித்துவிட்டேன்.)

3.

பிழை சனிக்கிழமை நடந்தது. நம்மவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை.

தொலைபேசி வந்தது. "எங்க நிக்கிறியள்?" ஸ்ரீஸ்கந்தராஜா உண்மையைச் சொன்னார். இடத்தைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லைச் சொல்லாமல் விட எங்களுக்கு வராது. சொல்லாவிட்டால், 'தாங்கள் மட்டும் போய் அனுபவிக்கினம்' என்ற கதை சூரிச் முழுக்க ஓடும்.

"நாளைக்கு ஞாயிறுதானே, நீங்களும் வாங்கோவன்!"

ஐந்து அழைப்பு, ஐந்து வாங்கோவன். சொன்னவர் மரியாதைக்குச் சொன்னார். கேட்டவர்கள் கோழி வாங்கப் போனார்கள்.

4.

ஞாயிறு பதினொன்றரை. ஐந்து கார், பத்தொன்பது பேர், மூன்று பெரிய சட்டி, ஒரு குழந்தை வண்டி. லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரிலிருந்து புண்ணியமூர்த்தி தன் குடும்பத்தோடு வந்திருந்தார், கிட்டத்தானே என்று. ஸ்ரீஸ்கந்தராஜா இடுப்பில் கட்டிய சாரத்தோடு எழும்பி நின்றார். ஜெயமலர் எழும்பவில்லை. சிரித்தார். அது வெள்ளிக்கிழமைச் சிரிப்பில்லை.

அப்போது கஜலக்சுமி என்ற அறுபது வயதுப் பெண் கதிரையில் சாய்ந்துகொண்டு, "ஜெயமலர், உம்மட கையால ஒரு தேத்தண்ணி—"

நில்லுங்கள். இந்தக் கஜலக்சுமியை என்னால் நம்பமுடியவில்லை. என்ன உடுப்பு, யாரோடு வந்தார், ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அப்படி ஒருவர் அங்கே வரவில்லை. தேத்தண்ணி கேட்டது நான். எழுத்தாளர் சிறீதரன். வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. "தங்கச்சி, சீனி கொஞ்சம் தூக்கலா" என்றும் சொன்னேன். எழுதும்போது பழியை ஒரு பொம்பிளையின் தலையில் போட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜெயமலர் எழும்பினார். எல்லாரும் தேத்தண்ணிக்குத்தான் என்று நினைத்தோம். காரவனுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டு விழுந்தது.

5.

பன்னிரண்டு அடித்ததும் கேம்பிங் பொறுப்பாளர் வந்தார். இரண்டு மணிவரை மதிய அமைதி, சத்தம் கூடாது. விருந்தாளிகள் வரவேற்பில் பெயர் பதியவேண்டும். நாங்கள் உடனே குசுகுசுத்தோம். பத்தொன்பது தமிழர் குசுகுசுத்தால் அது கதைப்பதைவிடப் பெரிதாய்க் கேட்கிறது.

"யாருடைய விருந்தாளிகள் நீங்கள்?"

எல்லாரும் காரவனைக் காட்டினோம். அவர் தட்டினார். யன்னல் திரை இரண்டு விரல் விலகியது. ஜெயமலர் எங்களை ஒவ்வொருவராக, அவசரப்படாமல் பார்த்தார். எங்களுக்குத் தேத்தண்ணி போடவென்று தூக்கிய வெறும் கேத்திலோடு நின்ற புருசனிடம் சற்றுத் தாமதித்தார். பிறகு வேலைக்காகப் படித்த சுத்தமான ஜெர்மனில் சொன்னார்: "மன்னிக்கவேண்டும். இதில் ஒருவரையும் எனக்குத் தெரியாது."

திரை மூடியது.

பொறுப்பாளர் சாரம் கட்டியவரைப் பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராஜா வாயைத் திறந்தார், யன்னலைப் பார்த்தார், வாயை மூடினார். ஐந்து வாங்கோவன் சொன்ன வாயல்லவா! பொறுப்பாளர் மரியாதையாக வாசலைக் காட்டினார். ஸ்ரீஸ்கந்தராஜாவும் கேத்திலோடு எங்கள் பின்னால் நடந்து வந்தார்.

"மனுசி சொன்னது சரிதான். நான்தான் பிழை விட்டனான்," என்றார் கார் தரிப்பிடத்தில், கொத்துரொட்டியை வாயில் வைத்தபடி.

6.

முடிவு. உள்ளே ஜெயமலர் என்ன செய்தார்? மூன்று மணித்தியாலம் கதவு திறக்கவில்லையாம். முதல் முடிவில் அழவைத்தேன். அழுகிற ஆள் இல்லை. இரண்டாவதில் நித்திரையாக்கினேன். மூன்றாவதில் தனக்கு மட்டும் ஒரு தேத்தண்ணி—

எதுவும் எனக்குத் தெரியாது. அவருடைய மனதுக்குள் இருந்தே இவ்வளவு நேரமும் எழுதியதாகப் பாவனை பண்ணிய நான், அந்த நேரம் வெளியேதான் நின்றேன். எனவே போன் எடுத்து, மன்னிப்புக் கேட்டு, கதை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, உள்ளுக்க என்ன செய்தனீர்?"

"அதை விடுங்கோ அண்ணை. அதுக்குள்ள ஒருத்தரும் வரவேண்டாம்."

"வாசிக்கிற ஆக்களும்?"

"அவையளும்தான்."

ஆகவே வாசகரே, யன்னலை எட்டிப் பார்க்காதீர்கள். செருப்பைக் கொழுவிக்கொண்டு மெல்ல வாருங்கள், இன்னும் இரண்டு மணியாகவில்லை. கார் தரிப்பிடத்தில் கொத்துரொட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தேத்தண்ணி கேட்காதீர்கள்.