பதினெட்டு மைக்ரோவோல்ட்

எங்கள் ஊரில் ஆளுக்கொரு பத்து வோல்ட் உண்டு. அந்தப் பத்து வோல்ட் நகர்ந்தால் ஆளும் நகர்ந்துவிடுவார்.

சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி. மூடியில் பெயர், முகப்பில் இரண்டு பித்தளை முனைகள். உள்ளே அந்தப் பத்து வோல்ட்டைத் தருகிற, உலோகத் தொப்பி போட்ட ஒரு சிப், சுற்றிலும் பஞ்சு, அடியில் எப்போதும் கதகதப்பாக இருக்கும் ஒரு சிறு ஹீட்டர். கரண்ட் போனால் பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஒரு நிமிடம்கூடக் குளிரக் கூடாது. தபால் ஆபீஸ் கதிரேசனின் பெட்டி ஒரு மழைக்காலத்தில் குளிர்ந்துவிட்டது. இப்போதும் அவர்தான் ஸ்டாம்பு விற்கிறார். அவருடைய நாய் மட்டும் அவரைப் பார்த்துக் குரைத்துவிட்டு, கதிரேசன் வருகிறாரா என்று தெருமுனையையே பார்த்தபடி படுத்திருக்கும்.

நான் உருளைக்கிழங்கு குடோனில் இரவு வேலைக்காரன். குளிர் அறைகளின் வெப்பமானிகளைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் வந்து தூங்க வேண்டும். தூங்குவதில்லை, பெட்டி செய்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்துப் பதினைந்தைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். கெட்டுப்போனவை யாருடையவை என்று கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

ஒரு நாள் காலையில் என் மனைவி இந்திராணி டீ டம்ளரை மேசைக்கு இரண்டு விரல் இப்பால் வைத்தாள். அது விழுந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள்.

"மேசை தள்ளிப் போயிருக்குங்க," என்றாள்.

"ஆமா," என்று சொல்லி மேசையை இரண்டு விரல் இழுத்துப் போட்டேன்.

அவள் பெட்டியையும் என் பெட்டியையும் மைனஸோடு மைனஸ் சேர்த்து, பிளஸ் இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். பதினெட்டு மைக்ரோவோல்ட் வித்தியாசம். இரண்டே பெட்டியை வைத்து யார் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. நானாகவும் இருக்கலாம். அந்த நம்பிக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் தம்பி தண்டபாணியின் பெட்டியை எடுத்துவந்தேன். எங்களோடு இருப்பவன் அவன் ஒருவன்தான்.

"என்ன மச்சான், விடிஞ்சதும் என் பெட்டியைத் தூக்கிட்டீங்க? விக்கப் போறீங்களா?"

"வாங்க ஆள் வேணுமே மாப்ள."

சிரித்தான். மீட்டரைப் பார்த்ததும் நிறுத்தினான். அவனும் நானும் ஒன்று. இந்திராணிதான் பதினெட்டு கீழே.

"ஒப்பீட்டுக்கு எத்தனை நாள் இருக்கு?" என்றான்.

"பதினொண்ணு."

ஒப்பீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை வெள்ளை வேனில் வருவார். அவரிடம் சொந்தமாகப் பத்து வோல்ட் கிடையாது. வேன் குலுங்குவதில் அதுவும் நகர்ந்துவிடும் என்பார். வீட்டில் இருப்பவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவார். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவது தப்பு. தப்பான பெட்டிக்கு அரக்கு வைப்பார். பெட்டிக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு வேனில் ஏற வேண்டும். இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் தன் பெட்டியோடு வந்து உட்காருவார். வேன் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

இந்திராணிக்கு வேறு சிப் தேடினேன். புதிது உதவாது. அது நிலைக்கு வர ஒரு வருடமாவது நகர்ந்துகொண்டே இருக்கும். போலிகளும் உண்டு. நகச்சாயம் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் மேலே அச்சடித்த பெயர் பஞ்சோடு வந்துவிடும். அப்படிப் பெயர் வந்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்தான்.

ரயில்வே கேட்டுக்கு அப்பால் லூர்து மேரி அக்கா பழைய கருவிகளின் போர்டுகளை மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறாள்.

"நிலையா நிக்கறது ஒண்ணு வேணும்க்கா. வீட்டுக்காரிக்கு."

அவள் ஒரு மூட்டையின் அடியில் கைவிட்டு ஒரு போர்டை எடுத்தாள். இரண்டு சிப்கள் அருகருகே இருந்தன. "இருபத்திரண்டு வருசம் சூட்டுலயே கெடந்தது தம்பி. இனிமே மாறுறதுக்கு இதுககிட்ட ஒண்ணுமில்ல. ஆனா ஜோடி. பிரிச்சுத் தர மாட்டேன்."

"எனக்கு ஒண்ணு போதும்."

"வர்றவங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க."

"யாரோடதுக்கா இது?"

"புருசன் பொண்டாட்டி," என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஜோடியாகவே வாங்கிவந்தேன்.

சூடு அதிகமானால் சிப் தன் இருபத்திரண்டு வருடங்களை மறந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சால்டரிங் வைத்து ஒன்றைக் கழற்றினேன். போர்டு வளைந்து சிப்பை அழுத்தாமலிருக்க அதைச் சுற்றிப் பிளவு வெட்டினேன். பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் அந்த நான்கு நிமிடம், சமையலறையில் பேசிக்கொண்டிருந்த இந்திராணி பேச்சை நிறுத்தி அப்படியே நின்றாள். பிறகு வேறொரு வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடர்ந்தாள்.

டம்ளர் மேசையின் சரியான நடுவில் வந்து நின்றது. மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். நான்காம் நாள் காலை அவள், "சாலமன், டீ ஆறுது," என்றாள்.

என் பெயர் அது இல்லை. டீயைக் குடித்துவிட்டு மீட்டரை எடுத்தேன். அவள் இப்போது எங்களுக்கு முப்பது மேலே இருந்தாள். நானும் தண்டபாணியும் அப்படியேதான் இருந்தோம். வேனில் ஏற வேண்டியவள் இன்னமும் அவள்தான்.

கையில் மிச்சம் இருந்தது ஜோடியின் மற்ற சிப். அதைத் தண்டபாணியின் பெட்டியில் வைத்தால் அவனும் அவளும் ஒத்துப்போவார்கள். நான் வேனில் ஏறுவேன். என் பெட்டியில் வைத்தால் அவன் ஏறுவான். அவன் அவளுக்குத் தம்பி. இந்தச் சிப் அவளுக்குப் புருஷன். அதை மட்டும் காரணமாக எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டாவதை எதுல வைக்கப் போறீங்க மச்சான்?" என்று தண்டபாணி கேட்டான்.

"இன்னும் முடிவு பண்ணல."

"எனக்கு ஊசின்னாலே பயம். பாத்துச் செய்யுங்க," என்று சொல்லி வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

பழைய சிப்பைத் தூக்கி எறிகிற பழக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. இந்திராணியின் பழையதை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, சின்ன ஹீட்டரும் பேட்டரியும் பொருத்திக் கதகதப்பாக வைத்திருந்தேன். ஜோடியின் மற்றதை என் பெட்டியில் வைத்துவிட்டு, அதிலிருந்து கழற்றிய என் பழையதையும் டப்பாவில் அதன் பக்கத்திலேயே வைத்து மூடினேன். கொஞ்சம் இருட்டானது. வேறு மாற்றம் தெரியவில்லை.

"யாருங்க?" என்றது பக்கத்தில் இந்திராணியின் குரல்.

"நான்தான்."

"இங்க மேசை எங்க இருக்குன்னே தெரியல."

"இருக்கும்," என்றேன்.

ஒப்பீட்டு நாளன்று டப்பாவுக்குள்ளேயே எல்லாம் கேட்டது. வேன் கதவு, பித்தளை முனைகளைத் திருகும் சத்தம், அரக்கு உருகும் சத்தம். "தண்டபாணி நீங்களா? செருப்பைப் போட்டுக்குங்க," என்றார் ஒப்பீட்டுக்காரர். "டீ சாப்பிட்டுப் போகலாம்," என்றது வெளியே என் குரல். என் குரல் அவ்வளவு உபசாரமாக இருந்து நான் கேட்டதில்லை.

டப்பா தூக்கப்பட்டது.

"இதென்ன, சூடா இருக்கு?"

"பழசுங்க. எறிய மனசு வரல."

"அப்போ இதுவும் வண்டியில ஏறணும்."

டப்பாவைத் திறந்தபோது நான் வேனின் இருக்கையில் இருந்தேன். பக்கத்தில் இந்திராணி. எதிரே மடியில் அரக்கு வைத்த பெட்டியோடு தண்டபாணி. ஜன்னலுக்கு வெளியே எங்கள் வாசலில் நானும் இந்திராணியும் நின்று கையசைத்தோம். அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். நான் சாலமன் என்பதுபோலத் திரும்பினேன்.

"தள்ளி உக்காருங்க மச்சான், வெயில் அடிக்குது," என்றான் தண்டபாணி. தள்ளி உட்கார்ந்தேன். வேன் கிளம்பியது.

ரயில்வே கேட் தாண்டியதும் ஒப்பீட்டுக்காரர் எங்களுக்கு நடுவே ஒரு பலகையை இறக்கிவிட்டார். மூன்று டம்ளர் டீ கொடுத்தார்.

"மூணு பேர் ஆயிடுச்சே. வழியில ஒரு ஒப்பீடு பாத்துடணும். குடிச்சிட்டு டம்ளரைப் பலகையில வைங்க."

தண்டபாணி பலகையில் வைத்தான். இந்திராணி பலகைக்கு இரண்டு விரல் இப்பால் வைத்தாள். டம்ளர் விழுந்து கதவுவரை உருண்டது. அவள் குனிந்து அதைத் தேடவில்லை, என்னைப் பார்த்தாள். தண்டபாணியும் பார்த்தான். ஒப்பீட்டுக்காரர் அரக்குக் கட்டியைச் சூடாக்கத் தொடங்கினார்.

நான் மெதுவாகக் குடித்து முடித்தேன். பலகையைப் பார்த்தேன். கையை நீட்டி, இரண்டு விரல் இப்பால் டம்ளரை விட்டேன்.

வேன் நின்றது. தண்டபாணி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.