ஜெயமணியின் இடுப்புக் கோடுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் காலைப் பேருந்தில் கிடைத்தது. முன்சீட்டில் ஒரு பெண் காற்றடைத்த ரப்பர் வளையத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து நானே அவளுக்கு ஜெயமணி என்று பெயர் வைத்தேன், உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை கொடுத்தேன், ஆசனவாயில் புற்றுநோயையும் கொடுத்தேன்.

2

ஜெயமணி அன்று மழையில் நனைந்தபடி —

(வேண்டாம். மழை வந்தால் நீங்கள் இப்போதே அழத் தயாராகிவிடுவீர்கள்.)

ஒரு வருடமாக மூலம் என்றே நினைத்து, கூச்சத்தில் யாரிடமும் காட்டாமல் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள் ஜெயமணி. பெங்களூரு டாக்டர் இருபத்தெட்டு நாள் கதிர்வீச்சும் கூடவே இரண்டு முறை கீமோவும் எழுதினார். கட்டி கரைந்தால் தப்பித்தாள். கரையாவிட்டால் அறுவை சிகிச்சை, பிறகு ஆயுள் முழுக்க வயிற்றில் மலப் பை.

கதிர் சரியான இடத்தில் விழ, இடுப்பில் மார்க்கரால் கோடு போட்டு, அழிக்கக் கூடாது என்றார்கள். பதினொன்றாம் நாள் அவள் பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டாள். தொழிற்சாலையில் மார்க்கர் கோடு விழுந்த பாகம் கழிவுப் பெட்டிக்குப் போகும். பத்தொன்பது வருடமாக அந்தக் கோட்டைப் போடுகிறவள் அவள்தான். தன் உடம்பில் அதை அவளால் பார்க்க முடியவில்லை.

(இந்த இடத்தை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.)

3

மறுநாள் பேருந்தில் அந்த ரப்பர் வளையப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோட்டத் தொடைச்சிட்டேன் மேடம். மறுபடி ஸ்கேன் எடுத்து கோடு போடணுமாம். ஏன் தொடைச்சேன்னு எனக்கே தெரியல."

எனக்குத் தெரியும். பெயரைக் கேட்டேன். ஜெயமணி என்றாள்.

பயந்துபோய் ஒன்பது நாள் எழுதவில்லை. பத்தாம் நாள் அத்திப்பள்ளி தாண்டும்போது சொன்னாள்: "ஒம்போது நாளா மெஷின் ரிப்பேர்னே சொல்றாங்க மேடம். நடுவுல விட்டா கட்டி திரும்ப வளருமாம்."

அன்றே உட்கார்ந்து மீதி நாட்களை எழுதினேன். தோல் வெந்தது. கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய்ப்புண்ணில் கஞ்சிகூட இறங்கவில்லை. வலியைக் குறைத்து எழுதினால் மருந்தும் குறைந்துவிடுமோ என்று பயந்து, எதையும் குறைக்கவில்லை.*

* கதிர்வீச்சை முழுதாக முடித்த பிறகும் கட்டி மாதக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கும். ஆறு மாதம்வரை பொறுத்துத்தான் முடிவு சொல்வார்கள்.

4

நாளையோடு ஆறு மாதம். காலை பத்தரைக்கு டாக்டர் பார்த்துச் சொல்வார்.

முடிவு ஒன்று: டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரி —

முடிவு இரண்டு: டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "வீட்டுக்காரர் வந்திருக்காரா" என்று —

நல்லதைத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் கை 'சிரி' என்பதற்கு மேல் நகரவில்லை. நம்பாமல் எழுதினால் செல்லாது போலிருக்கிறது.

இன்று பேருந்தில் ஜெயமணி என் முகத்தையே பார்த்தாள். "உங்களால முடியாது மேடம், விடுங்க. இப்ப யாரு படிச்சிட்டிருக்காங்க?"

நீங்கள்தான். இதற்குள் மனதில் ஒரு முடிவை நினைத்துவிட்டீர்கள். அது கெட்டதாக இருந்தால், தயவுசெய்து, நாளைக் காலை பத்தரைக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.